பாட்டுக்கு உரியவர்: வாசகர் கேள்வி – பதில்

பாடலாசிரியர்களின் வாழ்வையும் தொழிலையும் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் விடை தருகிறோம். கீர்த்தனை, சிந்து, நாடகம், திரைப்படம் என்று பல துறைகளையும் தொட்டுக் கேள்விகள் வந்திருந்தபோதிலும், பெரும்பாலானவற்றின் அடியில் இருந்தது ஒரே ஐயம்தான்: பாட்டு ஊரெங்கும் ஒலிக்கும்போது அதை எழுதியவருக்குப் பேரிலும் பொருளிலும் என்ன மிஞ்சுகிறது?

பாட்டெழுதுபவர் ஒருவர், மெட்டமைப்பவர் இன்னொருவர் என்ற வழக்கம் சினிமாவால் வந்ததுதானே? (மன்னார்குடி வாசகர்)

சினிமா பிறப்பதற்கு ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே அந்த வழக்கம் நம்மிடம் இருந்தது. தில்லையாடியில் 1711-இல் பிறந்து, தருமபுரம் ஆதீன மடத்தில் பயின்று, பின்னர் சீகாழியில் வாழ்ந்த அருணாசலக் கவிராயரிடம், சட்டநாதபுரத்திலிருந்து வேங்கடராமையர், கோதண்டராமையர் என்னும் இருவர் கம்பராமாயணம் பாடம் கேட்க வந்தார்கள். இருவரும் இசை அறிந்தவர்கள். கவிராயர் இராமாயணக் கதையைக் கீர்த்தனைகளாக எழுத, அவற்றுக்கு இசை அமைத்தவர்கள் இந்த மாணவர்களே. இராமநாடகக் கீர்த்தனை என்று இன்று நாம் போற்றும் நூல் இப்படி ஓர் ஆசிரியரும் இரண்டு மாணவர்களும் சேர்ந்து உருவாக்கியது. பின்னர் சென்னையில் மணலி முத்துக்கிருஷ்ண முதலியார் போன்ற வள்ளல்களின் ஆதரவு அதற்குக் கிடைத்தது. புலவருக்குச் சன்மானம் அளிக்கும் பிரபு ஒருவர் இல்லாவிட்டால், அந்தக் காலத்தில் இத்தனை பெரிய முயற்சி அரங்கேறியிருக்குமா என்பது ஐயமே.

இதில் கவனிக்க வேண்டிய வேறொன்றும் உண்டு. பழைய மெட்டுகள் காலப்போக்கில் வழக்கொழிந்துவிட, இருபதாம் நூற்றாண்டில் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் இந்தக் கீர்த்தனைகள் பலவற்றுக்குப் புதிதாக இசை அமைத்து மேடையேற்றினார். "ஏன் பள்ளிகொண்டீரையா" என்று இன்று மோகனத்தில் கேட்கும்போது, சொல் பதினெட்டாம் நூற்றாண்டினுடையது என்பதையும் அதன்மேல் போர்த்திய இசை பிற்காலத்தது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. இசை உதிர்ந்த பின்னும் சொல் நின்று, இன்னோர் இசைக்குக் காத்திருக்கிறது. இந்தப் பேறு எல்லாப் பாடலாசிரியர்களுக்கும் வாய்ப்பதில்லை.

பாட்டுக்குள்ளேயே தம் பெயரை வைக்கும் முத்திரை வழக்கம் தற்பெருமை ஆகாதா? (சங்கரன்கோவில் வாசகி)

உங்கள் ஊருக்கு அருகிலுள்ள சென்னிகுளத்துக்காரரைக் கொண்டே விடை சொல்கிறேன். காவடிச்சிந்து பாடிய அண்ணாமலை ரெட்டியார், "சென்னி குளநகர் வாசன் – தமிழ் தேறும் அண்ணாமலை தாசன்" என்று தம் ஊரையும் பேரையும் முதலில் சொல்லிவிட்டு, அந்தத் தாசன் சொல்லும் இனிய கவியை மலை போன்ற தோள்களில் மாலையாக அணிந்துகொள்பவன் முருகன் என்று முடிக்கிறார். இலக்கண வகையில் பார்த்தால் அந்தத் தொடரின் தலைவன் முருகனே. புலவர் அதன் நடுவில் ஓர் ஓரமாக உட்கார்ந்திருக்கிறார். ஊத்துமலை ஜமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவரின் ஆதரவில் இருந்த அவர், இளமையிலேயே 1891-இல் மறைந்துவிட்டார். பழனிக்குக் காவடி எடுத்து நடப்பவர்கள் புத்தகம் பார்த்துப் பாடுவதில்லை. ஆயினும் பாட்டு வாய்க்கு வாய் போகும்போது பேரும் சேர்ந்தே போகிறது. அச்சும் சட்டமும் துணை நில்லாத காலத்தில் புலவன் தன் உரிமையைக் காத்துக்கொள்ள இதைவிட எளிய வழி இருந்திருக்க முடியாது. இதைத் தற்பெருமை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

முத்திரை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. பாபநாசம் சிவன் "ராமதாசன்" என்னும் முத்திரையைக் கையாண்டவர். ஆனால் "என்ன தவம் செய்தனை யசோதா" என்ற அவருடைய காபி ராகப் பாடலை முதலிலிருந்து முடிவுவரை படித்துப் பாருங்கள், அந்த முத்திரையைக் காண முடியாது. கல்யாண வீட்டிலும் நாட்டிய மேடையிலும் அதைப் பாடுகிறவர்களில் எத்தனை பேர், நேற்றைய நூற்றாண்டில் மயிலாப்பூரில் வாழ்ந்த ஒருவர் எழுதியது அது என்று அறிவார்கள்?

அதே பாபநாசம் சிவனைப் பற்றி ஒரு கேள்வி. கீர்த்தனாசாரியராக இருந்தவர் சினிமாவுக்குப் போனதைக் கச்சேரி உலகம் எப்படி ஏற்றுக்கொண்டது? (மயிலாப்பூர் வாசகர்)

தயக்கமில்லாமல் ஏற்றது என்றே சொல்ல வேண்டும். 1890-இல் போலகம் என்னும் சிற்றூரில் ராமையாவாகப் பிறந்து, திருவனந்தபுரத்தில் வடமொழி பயின்ற அவர், பின்னர் மயிலையில் மார்கழி பஜனையை முன்நின்று நடத்தியவர். திரைக்கு வந்தபின் எம்.கே. தியாகராஜ பாகவதரின் குரலுக்கென்றே அவர் எழுதித் தந்தவை தமிழ்நாடு முழுவதும் பரவின. 1944-இல் வெளிவந்த ஹரிதாஸ் படத்தின் "மன்மத லீலையை வென்றார் உண்டோ" பாடலால்தான் சாருகேசி என்ற ராகமே பாமர மக்களின் செவிக்குப் பழக்கமானது. அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பு தியாகபூமியில் சம்பு சாஸ்திரியாக நடிக்கவும் செய்தார். ஒரே கையால் கபாலீசுவரரின் அறுபத்துமூவர் உலாவைப் பார்த்துக் "காணக் கண் கோடி வேண்டும்" என்றும், கதாநாயகனுக்குக் காதல் பாட்டும் எழுதியவரைச் சென்னை மியூசிக் அகாதெமி என்னும் சங்கீத வித்துவத் சபை 1971-இல் சங்கீத கலாநிதி ஆக்கியது. அப்போது அவர் எண்பதைக் கடந்துவிட்டார். கச்சேரியில் சன்மானம் பாடுபவருக்கும் பக்கவாத்தியத்துக்கும் போகும். கீர்த்தனை எழுதியவருக்கு அதில் பங்கு கிடையாது. அப்படி இருக்கையில், எழுத்துக்கென்று ஊதியம் தந்த ஒரே இடமாகச் சினிமா இருந்ததைக் குறை கூறுவதில் பொருளில்லை.

தமிழின் முதல் பேசும் படத்துக்குப் பாட்டெழுதியவர் யார்? (விருதுநகர் வாசகர்)

மதுரகவி பாஸ்கரதாஸ். படம் காளிதாஸ், ஆண்டு 1931. நாடக மேடைக்கும் இசைத்தட்டுக்கும் தேசியப் பாடல்கள் எழுதிப் புகழ்பெற்றிருந்த அவர், காளிதாசன் கதையோடு ஒட்டாத "ராட்டினமாம் காந்தி கைப்பாணமாம்" என்ற பாட்டையும் அந்தப் படத்துக்குள் நுழைத்துவிட்டார். மக்களும் கேள்வி கேட்கவில்லை. அவருடைய நாட்குறிப்புகள் நூலாக வந்துள்ளன. நாடகப் பாடலாசிரியர் ஒருவரின் அன்றாடத்தை அறிய விரும்புவோர் தேடிப் படிக்கலாம்.

இலக்கணப் புலவர்கள் பாடலாசிரியர்களை மதித்தார்களா? (கும்பகோணம் வாசகர்)

மதிப்பதற்குச் சற்று நேரம் எடுத்துக்கொண்டார்கள். நந்தனார் சரித்திரக் கீர்த்தனை இயற்றிய கோபாலகிருஷ்ண பாரதியார், மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம், நூலைப் பாராட்டி அதன் முகப்பில் வைக்கும் பாடலான சிறப்புப்பாயிரம் வேண்டிப் பலமுறை நடந்தார். நூலில் இலக்கணப் பிழைகள் இருந்தன என்பதும், பெரியபுராணத்தில் இல்லாத கொடிய வேதியர் ஒருவரைக் கதையில் சேர்த்திருந்தார் என்பதும் பிள்ளையவர்களுக்குப் பிடிக்கவில்லை. வெளிப்படையாக மறுக்காமல் நாள் கடத்திக்கொண்டே வந்தார். ஒரு நாள் பிள்ளையவர்கள் உள்ளே படுத்திருந்த வேளையில், திண்ணையில் காத்திருந்த பாரதியார் தம் கீர்த்தனைகளைத் தமக்குத்தாமே பாடத் தொடங்க, அதைக் கேட்ட பிள்ளையவர்கள் நெகிழ்ந்து எழுந்து வந்து பாயிரம் எழுதிக் கொடுத்தார் என்பது உ.வே. சாமிநாதையர் வழியாக நமக்குக் கிடைக்கும் செய்தி. ஏட்டில் பிழையாகத் தெரிந்தது காதில் விழுந்தபோது பிழையாகத் தெரியவில்லை போலும்.

அதே உ.வே.சா. மாயூரத்தில் பாரதியாரிடம் இசை கற்றுக்கொள்ளத் தொடங்கியதும், இசையில் பழகினால் இலக்கியத்தில் ஊக்கம் குறையும் என்று பிள்ளையவர்கள் கருத, அந்தப் பாடம் நின்றுபோனது.

மெட்டுக்குப் பாட்டா, பாட்டுக்கு மெட்டா? எது உயர்ந்தது? (திருப்பூர் வாசகர்)

இரண்டிலும் நல்ல பாட்டும் மோசமான பாட்டும் உண்டு; உயர்வு தாழ்வு பேசுவதைவிட, மெட்டுக்கு எழுதுவது எப்படி நடக்கிறது என்பதைப் பார்ப்பது பயனுள்ளது. இசையமைப்பாளர் ஆர்மோனியத்தில் மெட்டை வாசித்து "தன்னன தானன" என்று தத்தகாரத்தில் சொல்லுவார். கவிஞர் அந்தத் தத்தகாரத்தின் அசைகளைக் காதால் அளந்துகொள்ள வேண்டும். குரல் நீள வேண்டிய இடத்தில் நெட்டெழுத்து விழ வேண்டும். அங்கே வல்லின ஒற்று வந்தால் பாடகருக்கு மூச்சு முட்டும். இத்தனைக்கும் இடையில் கதைச்சூழலும் கெடக் கூடாது, பல்லவி கேட்டவுடன் மனத்தில் ஒட்டவும் வேண்டும். கண்ணதாசன் வரிகளைச் சொல்லச் சொல்லப் பஞ்சு அருணாசலம் எழுதிக்கொள்வார். யாப்பு ஊறிய காதுக்கு மெட்டின் அளவு ஒரு தடையாகத் தோன்றியதில்லை என்பதே இதன் இரகசியம் என்று நினைக்கிறேன். இன்று மெட்டு கைபேசிக்கு ஆடியோவாக வந்து சேர்கிறது. கூடவே பொருளற்ற டம்மி வரிகளும் வருகின்றன. அந்த டம்மி வரிகளின் ஓசை காதில் தங்கிவிட்டால் அதிலிருந்து விடுபடுவது எளிதன்று.

அத்தனை எழுதியும் கண்ணதாசன் ஏன் கடனில் இருந்தார் என்றும் கேட்டிருக்கிறீர்கள். பாட்டில் வந்தது படத்தில் போயிற்று. அவர் சொந்தமாகத் தயாரித்த சிவகங்கைச் சீமை 1959-இல், வீரபாண்டிய கட்டபொம்மன் வெளிவந்த அதே ஆண்டில், வந்து தோற்றது.

பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் எத்தனை ஆண்டுகள் திரையில் எழுதினார்? (பேராவூரணி வாசகர்)

ஒரு கைவிரல்களுக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். 1930 ஏப்ரலில் பிறந்தவர் 1959 அக்டோபரில், இருபத்தொன்பது வயதில் மறைந்தார். "கையிலே வாங்கினேன் பையிலே போடலே" என்ற ஆலைத் தொழிலாளியின் கூலிக் கவலையை அவர் எழுதிய இரும்புத்திரை, அவர் இறந்தபின் 1960-இல்தான் திரைக்கு வந்தது.

பெண் பாடலாசிரியர்கள் ஏன் இத்தனை குறைவு? (நாகர்கோவில் வாசகி)

எண்ணிக்கையில் குறைவு என்பது சினிமாவைப் பொறுத்த உண்மை. "வசீகரா" வழியாக 2001-இல் எல்லோருக்கும் தெரிந்த தாமரைக்கு முன் நிலையாக நின்ற பெண் பெயரைத் தேடத்தான் வேண்டும். ஆனால் பக்திப் பாடல் பக்கம் திரும்பினால் படம் மாறுகிறது. டி.எம். சௌந்தரராஜன் குரலில் நாம் அறிந்த "உள்ளம் உருகுதையா" பாடலை எழுதியவர் ஆண்டவன் பிச்சை என்னும் மரகதம்மாள் என்பது பலருக்குச் செய்தியாகவே இருக்கும். மதுரையில் வாழ்ந்த அம்புஜம் கிருஷ்ணா பல மொழிகளில் கீர்த்தனைகள் எழுதினார், வி.வி. சடகோபன் முதலிய வித்துவான்கள் இசை அமைத்தார்கள். பாட்டு அமர்வு இரவு முழுக்க ஸ்டுடியோவிலும் ஓட்டல் அறையிலும் நடக்கும் தொழிலில் பெண்களுக்கு இடம் இருக்கவில்லை. வீட்டிலிருந்தே எழுத முடிந்த துறையில் இருந்தது. வயலிலும் இழவு வீட்டிலும் எழுதாமலே பாட்டுக் கட்டிய பெண்களைக் கணக்கில் சேர்த்தால் உங்கள் கேள்வியே தலைகீழாகிவிடும். ஒப்பாரி பாடும் மூதாட்டி, வழிவழி வந்த அடிகளுக்குள் இறந்தவரின் உறவையும் வீட்டையும் குணத்தையும் அந்த நிமிடத்தில் பொருத்துகிறார். அவரும் பாடலாசிரியரே.

தனிப்பாடல் ஆல்பங்களுக்கு எழுதுகிறேன். "எல்லா உரிமையும் நிறுவனத்துக்கே" என்று கையெழுத்துக் கேட்கிறார்கள். சட்டம் என்ன சொல்கிறது? (கோயம்புத்தூர் வாசகர்)

நிலைமை எங்கிருந்து வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பாரதியார் 1921-இல் மறைந்தபின் அவருடைய பாடல்களின் இசைத்தட்டு உரிமை, நூல் உரிமையிலிருந்து பிரிந்து கைமாறி, ஏவி. மெய்யப்பச் செட்டியாரிடம் சேர்ந்தது. நாம் இருவர் படத்தில் பாரதி பாடல்கள் ஒலித்தபோது அவை ஒரு தனியாரின் சொத்து. தேசத்தின் கவியைத் தனியார் உடைமையாக வைக்கலாமா என்று கிளர்ச்சி எழ, 1949-இல் மெய்யப்பர் அதை ஈடு கேட்காமல் அரசிடம் ஒப்படைத்தார். பாரதிக்கு ஊரே திரண்டது, மற்றவர்களுக்குத் திரளவில்லை. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்கீழ் வந்த ஒரு வழக்கில், தயாரிப்பாளர் கூலி கொடுத்து எழுதச் செய்த பாட்டுக்கு, மாறான ஒப்பந்தம் இல்லாதபோது, தயாரிப்பாளரே முதல் உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றம் 1977-இல் தீர்ப்பளித்தது. அதன்பின் 35 ஆண்டுகள், பாடலாசிரியருக்கு ஒரு முறை தரும் தொகையோடு கணக்கு முடிந்தது.

2012-இல் வந்த திருத்தம் இதை மாற்றியது. திரையரங்கில் படத்தோடு ஒலிப்பதைத் தவிர்த்த மற்றப் பயன்பாடுகளுக்குக் கிடைக்கும் ராயல்டியில் எழுதியவருக்குச் சமபங்கு உண்டு. அந்தப் பங்கை அவர் வாரிசுகளுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ அன்றி வேறு எவருக்கும் எழுதிக் கொடுக்க முடியாது. படத்தில் இடம்பெறாத ஒலிப்பதிவுகளுக்கும் இது பொருந்தும் என்பதால் உங்கள் ஆல்பங்களும் இதற்குள் வரும். ஆகவே உரிமையை நிறுவனத்துக்கு மாற்றிக் கொடுத்தாலும், ராயல்டிப் பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதியிருக்கும் வரி செல்லாது.

கையெழுத்திடும் முன் தாளில் மூன்றைத் தேடுங்கள்: எத்தனை ஆண்டுகளுக்கு, எந்த நாடுகளில், எவ்வளவு தொகைக்கு. காலம் குறிக்கப்படாவிட்டால் சட்டம் ஐந்தாண்டு என்றே கொள்ளும். இடம் குறிக்கப்படாவிட்டால் இந்தியா மட்டும். "எக்காலத்துக்கும் உலகெங்கும்" என்று அச்சிட்டிருந்தால் அடித்துத் திருத்தித் தருமாறு கேளுங்கள். நிறுவனத்தார் தயங்கினால் ஒரு வழக்கறிஞரிடம் காட்டிய பிறகே தொடருங்கள். எழுதியவர் நீங்கள் என்று அறிவிக்கப்படும் உரிமை 57-ஆம் பிரிவின்படி எந்த மாற்றத்துக்குப் பின்னும் உங்களிடமே இருக்கும். எனவே செயலியிலும் யூடியூப் குறிப்பிலும் பாடலாசிரியர் பெயர் விடுபட்டிருந்தால், அதைச் சேர்க்கும்படி எழுத்து மூலமாகக் கேட்டு, அந்தக் கடிதத்தின் நகலைப் பத்திரப்படுத்தி வையுங்கள்.