பூனைக்கும் கட்டுமரத்துக்கும் என்ன சம்பந்தம்?

கேள்வி: தங்கச்சிமடத்திலிருந்து எழுதுகிறேன். மகள் ஆறாம் வகுப்பு. ஒரே எழுத்துக்கூட்டம் வரும் சொற்களைச் சேர்த்து மனப்பாடம் செய்தால் ஆங்கிலம் வந்துவிடும் என்று ஒருவர் வீட்டுக்கே வந்து 2,400 ரூபாய்க்குப் புத்தகம் கொடுத்துவிட்டுப் போனார். அதில் சி-ஏ-டி பக்கத்தில் கேட், கேட்டில், கேட்டலாக், கேட்டமரான் என்று வரிசை. "பூனைக்கும் கட்டுமரத்துக்கும் என்னம்மா சம்பந்தம்?" என்கிறாள். ஐ-ஜி-எச்-டி பக்கத்தைப் படித்ததிலிருந்து 'எய்ட்'டை 'ஐட்' என்று வாசிக்கிறாள். இந்த முறையே தப்பா?

பதில்: முறை பாதி சரி அம்மா, புத்தகம்தான் தப்பு. தொகுத்தவருக்குத் தோன்றாத கேள்வி உங்கள் மகளுக்குத் தோன்றியிருக்கிறது.

சொல்லின் கடைசியில் வரும் எழுத்துக்கூட்டம் வாசிக்க உதவும். முதலில் வருவதை வைத்துப் பொருள் தேடினால் ஏமாறுவோம். லைட், நைட், ஃபைட், டைட் எல்லாவற்றுக்கும் வால் ஒன்றுதான், ஓசையும் ஒன்றுதான். ஓர் அட்டைத் துண்டில் ஐ-ஜி-எச்-டி எழுதித் தரையில் வையுங்கள். அதற்கு இடப்பக்கம் எல், என், எஃப், டி என்று துண்டுகளை மாற்றி மாற்றி வைத்து அவள் வாய்விட்டுச் சொல்லட்டும். பத்து நிமிஷம் போதும். நடுவில் நிற்கும் ஜி-எச் முன்பு தொண்டையில் உரசி ஒலித்தது, நம் 'அஃது' மாதிரி. ஓசை போய்விட்டது, எழுத்து தங்கிவிட்டது. 'எய்ட்', 'வெய்ட்' இரண்டிலும் வாலுக்கு முன்னால் ஓர் ஈ நிற்கும். அதைச் சிவப்பு மையில் எழுதித் தனியாக வையுங்கள்.

பேங்க், டேங்க், தேங்க் வரிசையில் 'சேங்க்' என்றும் ஒரு சொல் ஆங்கில அகராதியில் இருக்கிறது. கீழக்கரைப் பக்கம் குளித்து எடுக்கிற சங்குதான் அது. வகுப்பில் சொல்லிப் பார்க்கட்டும், டீச்சருக்கே புதிதாக இருக்கலாம்.

இனி கட்டுமரம். 'கேட்டமரான்' நம்முடைய சொல். மரங்களைச் சேர்த்துக் கட்டியதால் கட்டுமரம். நம் கரைக்கு வந்த வெள்ளைக்காரர்கள் 17-ஆம் நூற்றாண்டிலேயே அதை எடுத்து எழுதிக்கொண்டார்கள். அவர்கள் வாயில் 'கட்டு' என்பது 'கேட்ட' என்றாகிவிட்டது, அவ்வளவுதான். பூனை எங்கேயும் இல்லை. இன்னொரு கூத்து, இன்று ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு இரட்டை உடல் கொண்ட படகு என்று பொருள். கயிற்றில் கட்டி, இடுக்கு வழியாகத் தண்ணீர் ஏறி இறங்கும் நம் மரத்துக்கு உடலே கிடையாது! அகராதிப் படத்தைப் பார்த்து 'இதுவா கட்டுமரம்?' என்று அவள் அடுத்ததாகக் கேட்பாள், தயாராக இருங்கள். மற்றவையும் அப்படித்தான். 'கேட்டில்' பிரெஞ்சு வழியாக வந்தது, முதலில் சொத்து என்று பொருள். 'கேட்டலாக்' கிரேக்கம். மூன்று ஊர்க்காரர்களை ஒரே பஸ்ஸில் பார்த்துவிட்டுச் சொந்தக்காரர்கள் என்று சொன்ன கதை.

புத்தகம் விற்க வருகிறவர்களிடம் ஜாக்கிரதை. அடுத்து 'ஸ்பெஷல் செட்' என்று ஓ-யூ-ஜி-எச் அட்டைகளோடு வருவார்கள். வாங்காதீர்கள். டஃப், காஃப், த்ரூ, தோ, தாட் எல்லாவற்றிலும் அந்த நான்கு எழுத்தும் இருக்கிறது, ஓசை ஐந்து விதம். இவற்றைச் சேர்த்துப் படித்தால் தெரிந்ததும் மறந்துபோகும். ஒவ்வொன்றையும் ஒரு வாக்கியத்தில் வைத்து, வாரம் ஒன்றாகப் படிக்கட்டும். "10,000 சொல் கேரண்டி" என்கிறவரிடம், அதில் பத்தை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். நான் கேட்டுப் பார்த்திருக்கிறேன். டீ குடிக்காமலே எழுந்து போய்விட்டார்.

அவர்களை மட்டும் சொல்லி என்ன பயன்? விடுபட்ட எழுத்தை நிரப்பு என்றுதான் பரீட்சையில் கேட்கிறார்கள், வாசித்துக் காட்டு என்று கேட்பதில்லை. 'டி-எச்-ஓ-யூ-ஜி-எச்-டி, தாட்' என்று கோரஸாகக் கத்துவதை நாற்பது வருஷமாகக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. கூட்டத்தில் எழுந்து சொன்னால், சிலபஸ் முடியணும் சார் என்று உட்கார வைக்கிறார்கள்.

சரி, 2,400 ரூபாய் திரும்பி வராது. புத்தக அட்டை கெட்டியாக இருந்தால் கத்தரியை எடுத்து வெட்டுங்கள். மேலே சொன்ன துண்டுகளுக்கு அதுவே போதும்.