பதவி இல்லை, அலுவலகம் உண்டு

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்க அதிபரின் மனைவிக்குச் சம்பளம் கிடையாது, அது அரசுப் பதவியும் அல்ல என்கிறார்கள். ஆனால் அவருக்கென்று செயலாளர், செய்தித் தொடர்பாளர் என ஒரு பட்டாளமே வேலை செய்கிறதே, எந்தச் சட்டப்படி? உறவினரை நியமிக்கத் தடை இருந்தும் கிளிண்டன் தன் மனைவியைச் சுகாதாரக் குழுவுக்குத் தலைவராக்கியது எப்படி?

ஆர்.கே., திருச்சி

அன்புள்ள ஆர்.கே.,

இரண்டு கேள்விக்கும் விடை ஒரே இடத்தில் இருக்கிறது: வெள்ளை மாளிகைப் பணியாளர்கள் பற்றி 1978-ல் வந்த சட்டத்தின் ஓர் உட்பிரிவு. அதிபரின் கடமைகளில் அவருடைய வாழ்க்கைத் துணை உதவினால், அந்த உதவி தொடர்பாக அவருக்கும் அரசு ஊழியர்களின் சேவையைத் தரலாம் என்கிறது அது. ‘மனைவி’ என்று எழுதவில்லை; நாளை ஒரு பெண் அதிபரானால் கணவருக்கும் பொருந்தும். துணை இல்லாதவர் குடும்பத்தில் வேறொருவரைக் குறிப்பிடலாம். மணமாகாத அதிபர் புக்கானனுக்கு 1857 முதல் விருந்துகளை நடத்தியவர் அவருடைய சகோதரியின் மகள் ஹேரியட் லேன். அந்த வழக்கத்துக்குச் சட்டம் வந்து சேர 120 ஆண்டுகளுக்கு மேல் ஆயின.

அதுவரை பணியாளர்கள் பெரும்பாலும் இரவல்தான். 1901-ல் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டின் மனைவி ஈடித்துக்குச் செயலாளராக வந்த பெல் ஹேக்னர், போர்த்துறையிலிருந்து அனுப்பப்பட்ட எழுத்தர்.

முறையான பதவி ஏற்றால் என்ன ஆகும் என்பதை அதிபர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் மனைவி எலினார் பார்த்துவிட்டார். 1941-ல் குடிமைப் பாதுகாப்பு அலுவலகத்தில் சம்பளமில்லாத துணை இயக்குநரானார். தெரிந்த நடனக் கலைஞர் ஒருவருக்கு அங்கே வேலை கிடைத்தது என்று காங்கிரஸில், அதாவது அமெரிக்க நாடாளுமன்றத்தில், ரகளை. 1942 பிப்ரவரியில் விலகினார். பத்திரிகையில் பத்தி எழுதி அவர் சாதித்தது இதைவிட அதிகம் என்பேன்.

நீங்கள் சொல்லும் தடை 1967-ல் வந்தது. கென்னடி தன் தம்பி ராபர்ட்டை அட்டர்னி ஜெனரலாக (நீதித்துறைக்குத் தலைமை வகிக்கும் அமைச்சராக) ஆக்கியதன் எதிரொலி என்றே பலரும் அதைச் சொல்வார்கள். அதில் மாட்டியவர் அதிபர் கார்ட்டரின் மனைவி ரோசலின். 1977-ல் மனநல ஆணையத்துக்கு அவரைத் தலைவராக்க நினைத்தபோது, ஊதியம் இல்லாவிட்டாலும் கூடாது என்றது நீதித்துறை (நீதிமன்றம் அல்ல, அரசின் ஒரு துறை). ஆகவே ‘கௌரவத் தலைவர்’. வேலையை அவர் குறைத்துக்கொள்ளவில்லை. 1979-ல் செனட் துணைக்குழு முன் சாட்சியம் அளித்தார், 1980-ல் மனநலச் சட்டம் நிறைவேறியது.

கிளிண்டனின் மனைவி ஹிலாரி விஷயத்தில் சிக்கல் வேறு பக்கமிருந்து வந்தது. ஆலோசனைக் குழுவில் அரசு ஊழியர் அல்லாத ஒருவர் இருந்தாலும் கூட்டங்களைப் பொதுமக்களுக்குத் திறக்க வேண்டும் என்பது 1972-ன் சட்டம். 1993-ல் அமைந்த சுகாதாரக் குழுவில் மற்றவர்கள் எல்லோரும் அதிகாரிகள். ஹிலாரி யார்? இதைக் கேட்டு மருத்துவர் சங்கம் ஒன்று வழக்குப் போட்டது. கீழ்நீதிமன்றம் சங்கத்தின் பக்கம் சாய்ந்தது. ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த 1978 உட்பிரிவைக் கையில் எடுத்தது: அதிபரின் துணை அவருக்கு உதவுவதைக் காங்கிரஸே ஏற்றிருப்பதால், இந்தச் சட்டத்தைப் பொறுத்தவரை அவரும் அரசு ஊழியருக்குச் சமம். உறவினர் தடை வெள்ளை மாளிகைக்குப் பொருந்துமா என்றும் போகிறபோக்கில் ஐயம் எழுப்பியது.

தலைமைக் குழுவுக்கு மட்டும்தான் இந்த வெற்றி. அதன் கீழிருந்த பணிக்குழுக்களின் ரகசியம் பற்றிய வழக்கு தொடர்ந்தது. 1994 செப்டம்பரில் சுகாதாரத் திட்டமே கைவிடப்பட்டது.

1993-ல் எழுப்பிய அந்த ஐயம் மட்டும் வீணாகவில்லை. 2017 ஜனவரியில் டிரம்ப்பின் மருமகன் குஷ்னரை வெள்ளை மாளிகையில் நியமிக்கத் தடையில்லை என்று நீதித்துறை கருத்துச் சொன்னபோது, அது ஊன்றி நின்றதும் அதே 1978 சட்டத்தின் மேல்தான்.