குடிமகனை ராணுவம் அடைத்து வைக்கலாமா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

1942-ல் அமெரிக்காவில் ஜப்பானிய வம்சாவளியினரை முகாம்களில் அடைத்தது பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். கொடுமைதான், ஆனால் அதற்கு அரசே மன்னிப்புக் கேட்டு இழப்பீடும் கொடுத்துவிட்டது. அதை 2012-ஆம் ஆண்டுக்கான பாதுகாப்புத் துறைச் சட்டத்தோடு நீங்கள் முடிச்சுப் போட்டது மிகையாகப் படுகிறது. குடிமக்களை விசாரணையில்லாமல் ராணுவக் காவலில் வைக்கமாட்டேன் என்று ஒபாமா கையெழுத்திடும்போதே சொன்னார். தவிர, இங்கே நீதிமன்றம் இருக்கிறது. நம்மூர் மிசா காலம் போல இங்கே நடக்காது. நான் போன வருடம் குடியுரிமை வாங்கியவன். நேர்மையாக இருப்பவன் எதற்குப் பயப்பட வேண்டும்?

ச., நியூஜெர்சி

அன்புள்ள ச.,

நீதிமன்றம் இருக்கிறது என்கிறீர்கள். இருக்கிறது, உண்மைதான். ஆனால் அமெரிக்க மண்ணில் பிடித்த குடிமகனை ராணுவம் விசாரணையில்லாமல் வைத்திருக்கலாமா என்ற இந்த ஒரு கேள்வியில் மட்டும் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னதே இல்லை. என் கவலை முழுக்க அதில்தான்.

ஹோசே பாடில்லா ப்ரூக்ளினில் பிறந்த அமெரிக்கக் குடிமகன். 2002 மே 8 அன்று சிகாகோ விமான நிலையத்தில் அவரைப் பிடித்தார்கள். முதலில் சாட்சி என்று சொல்லி நியூயார்க்கில் சாதாரணச் சிறையில் வைத்தார்கள், வழக்கறிஞரும் இருந்தார். அந்தக் காவல் சரியா என்று நீதிபதி விசாரிக்க ஜூன் 11-ஐக் குறித்திருந்தார். ஜூன் 9 அன்று அதிபர் புஷ் ஓர் உத்தரவில் கையெழுத்திட்டார். பாடில்லா ‘எதிரிப் போராளி’, ராணுவம் அவரை எடுத்துக்கொள்ளட்டும் என்பதுதான் அதன் சாரம். தென் கரோலினாவில் சார்ல்ஸ்டன் நகருக்குப் பக்கத்தில் உள்ள கடற்படைச் சிறைக்கு அவர் போய்ச் சேர்ந்தார். மறுநாள் மாஸ்கோவில் இருந்த அட்டர்னி ஜெனரல் ஜான் ஆஷ்கிராஃப்ட், கதிர்வீச்சு குண்டுச் சதி ஒன்றை முறியடித்துவிட்டதாக அங்கிருந்தே தொலைக்காட்சியில் அறிவித்தார்.

அந்தச் சிறையில் மூன்றரை வருடம். ஏறக்குறைய முதல் இரண்டு வருடம் வழக்கறிஞரைக் கண்ணில் காட்டவில்லை. அவர் இருந்த பகுதியில் வேறு கைதிகளே கிடையாது. பல் சிகிச்சைக்கு அழைத்துப் போகும்போது கண்ணை மறைக்கும் கண்ணாடியும் காதை அடைக்கும் கருவியும் மாட்டிக் கூட்டிப்போன படங்கள் பிற்பாடு நீதிமன்றத்துக்கு வந்தன. இத்தனைக்கும் அவர்மீது ஒரு குற்றச்சாட்டுகூடப் பதிவாகவில்லை.

அவருடைய ஆட்கொணர்வு மனு 2004-ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. நீங்கள் சொல்லும் ஜப்பானிய முகாம்களை எதிர்த்து வழக்கு நடத்தித் தோற்ற ஃப்ரெட் கொரமாட்சு, அப்போது 85 வயதில், பாடில்லாவுக்கு ஆதரவாக அந்த நீதிமன்றத்தில் தன் வாதத்தைத் தாக்கல் செய்தார். முடிச்சுப் போட்டது நானல்ல, அந்த முகாம்களில் ஒன்றில் இருந்தவர். நீதிமன்றம் என்ன செய்தது? மனுவை நியூயார்க்கில் போட்டது தவறு, தென் கரோலினாவில் போட்டிருக்க வேண்டும் என்று ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் திருப்பி அனுப்பியது. மறுபடி முதலிலிருந்து. 2005 செப்டம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம், அரசு அவரை அடைத்து வைக்கலாம் என்று சொன்னது. பாடில்லா மீண்டும் உச்ச நீதிமன்றம் போனார். அரசு அங்கே பதில் தாக்கல் செய்ய வேண்டிய கெடுவுக்குச் சில நாட்கள் முன்பு, நவம்பரில், திடீரென்று மயாமியில் அவர்மீது சாதாரணக் குற்ற வழக்குப் போட்டது. அந்தக் குற்றப்பத்திரிகையில் கதிர்வீச்சு குண்டு பற்றி ஒரு வரி இல்லை.

முன்பு அரசுக்குச் சாதகமாகத் தீர்ப்பு எழுதிய நீதிபதி மைக்கேல் லுட்டிக்கே கோபப்பட்டார். உச்ச நீதிமன்றம் இதைப் பரிசீலிப்பதைத் தவிர்க்கத்தான் அரசு இப்படிச் செய்கிறது என்ற தோற்றம் எழுகிறது என்று எழுதினார். அவர் ஒன்றும் சிவில் உரிமைப் போராளி இல்லை, கறாரான பழமைவாதி. ஆனாலும் பயனில்லை. பாடில்லா சிவில் சிறைக்கு மாற்றப்பட்டார், உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்க மறுத்தது.

பாடில்லா நிரபராதி என்று நான் வாதாடவில்லை. 2007-ல் மயாமி ஜூரி அவரைக் குற்றவாளி என்றது, 2014-ல் அவருக்கு முடிவான தண்டனை 21 வருடம். என் கேள்வி, சாதாரண நீதிமன்றமே இதைச் செய்ய முடியும் என்றால் நடுவில் அந்த மூன்றரை வருடம் எதற்கு? அதற்குப் பதில் கேட்டு அவரும் அவர் தாயும் வழக்குப் போட்டார்கள். கேட்ட நஷ்ட ஈடு ஒரு டாலர். நடந்தது சட்டவிரோதம் என்று யாராவது சொன்னால் போதும் என்பதுதான் நோக்கம். 2012-ல் அதுவும் தள்ளுபடியானது.

மற்றவர்கள் கதையும் கிட்டத்தட்ட இதேதான். லூசியானாவில் பிறந்து சவுதியில் வளர்ந்த யாசிர் ஹம்தியை ஆப்கானிஸ்தானில் பிடித்தார்கள். அவர் வழக்கில்தான் 2004-ல் நீதிபதி சாண்ட்ரா டே ஓ’கானர், போர் நடக்கிறது என்பது குடிமக்களின் உரிமைகளில் அதிபருக்குக் கொடுத்த வெற்றுக் காசோலை ஆகாது என்று எழுதினார். போர்க்களத்தில் பிடித்தவரை வைத்துக்கொள்ளலாம், ஆனால் மறுத்துப் பேச அவருக்கு நியாயமான வாய்ப்பு வேண்டும் என்றது தீர்ப்பு. அந்த வாய்ப்பைக் கொடுப்பதற்குப் பதிலாக, குடியுரிமையை விட்டுக்கொடுக்கச் சொல்லி அவரை சவுதிக்கு அனுப்பிவிட்டார்கள். இல்லினாயில் படிக்க வந்த கத்தார்காரர் அலி அல்-மர்ரி அதே கடற்படைச் சிறையில் ஐந்து வருடத்துக்கு மேல் இருந்தார். அவர் வழக்கை உச்ச நீதிமன்றம் எடுத்துக்கொண்டதும் 2009-ல் அவசரமாகச் சிவில் நீதிமன்றத்துக்கு மாற்றினார்கள், வழக்கு காலாவதி. அங்கே ஆட்சி மாறி ஒபாமா வந்திருந்தார் என்பதையும் கவனியுங்கள். 2017-ல் சிரியாவில் பிடிபட்டு ஈராக்கில் அமெரிக்க ராணுவத்திடம் பெயர் வெளியிடாமல் இருந்த ஒரு குடிமகனை, 13 மாதம் கழித்து பஹ்ரைனில் விட்டார்கள். அந்தக் காவல் சட்டப்படி சரியா என்று யாரும் தீர்ப்பு எழுதவில்லை.

மிசாவைச் சொன்னீர்கள். நானும் அதைத்தான் நினைத்தேன், ஆனால் எதிர்த்திசையில். 1976-ல் நம் உச்ச நீதிமன்றம், நெருக்கடி நிலையில் ஆட்கொணர்வு மனுவே போட முடியாது என்று நான்குக்கு ஒன்று என்று பகிரங்கமாகச் சொன்னது. வெட்கக்கேடான தீர்ப்பு. ஆனால் அது எழுத்தில் இருந்தது. நீதிபதி எச்.ஆர். கன்னாவின் மறுப்பும் பக்கத்திலேயே இருந்தது. நாற்பது வருடம் வக்கீல்களும் மாணவர்களும் அதைத் திட்டித் திட்டியே 2017-ல் அந்தரங்க உரிமை வழக்கில் அது ரத்தானது. கொரமாட்சு தீர்ப்பையும் தவறு என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2018-ல் சொல்ல முடிந்தது அது எழுத்தில் இருந்ததால்தான். அமெரிக்க மண்ணில் பிடித்த ஒரு குடிமகனை ராணுவம் விசாரணையில்லாமல் வைத்திருக்கலாமா என்ற கேள்வியில், ரத்து செய்ய உச்ச நீதிமன்றத் தீர்ப்பே இல்லையே. எதை எதிர்த்துப் போராடுவது?

சரி, 2012 சட்டத்துக்கு வருவோம். அல்-கைதா, தாலிபான், ‘அவற்றோடு சேர்ந்த படைகள்’ ஆகியவற்றுக்குக் கணிசமாக ஆதரவு தந்தவர்களையும் போர் முடியும்வரை காவலில் வைக்கலாம் என்கிறது அதன் 1021-ஆம் பிரிவு. கூடவே, குடிமக்களைப் பற்றி இப்போதிருக்கும் சட்டத்தை இது மாற்றாது என்றும் சேர்த்திருக்கிறார்கள். ஆறுதலாகத்தான் இருக்கும், இப்போதிருக்கும் சட்டம் என்ன என்று யாருக்காவது தெரிந்தால். பத்திரிகையாளர் கிறிஸ் ஹெட்ஜஸும் வேறு சிலரும் வழக்குப் போட்டபோது, இவர்களைப் பிடிக்கமாட்டோம் என்று உறுதி தர முடியுமா என நீதிபதி கேத்ரின் ஃபாரஸ்ட் கேட்டார். அன்று அரசு வக்கீல் தரவில்லை. நீதிபதி அந்தப் பிரிவுக்குத் தடை விதித்தார். மேல்முறையீட்டில், வழக்குப் போட இவர்களுக்குத் தகுதியே இல்லை என்று 2013-ல் தடை நீங்கியது. ஒபாமா கொடுத்த வாக்கு அவருடைய நிர்வாகத்தை மட்டும்தான் கட்டும். அவர் 2017-ல் போய்விட்டார், சட்டம் போகவில்லை.

நேர்மையாக இருப்பவன் என்றீர்கள். நீங்கள் நேர்மையானவர் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அதை நிரூபிக்கும் இடம் நீதிமன்றம். அங்கே போகும் வழியைத்தான் ஒரு கையெழுத்து அடைத்தது. கொரமாட்சுவும் நேர்மையானவர்தான். உங்கள் சொந்தக்காரர்களில் இன்னும் கிரீன் கார்டிலும் எச்1பி-யிலும் இருப்பவர்களுக்குக் குடியுரிமை என்ற பிடிமானமும் கிடையாது.

ஒன்று செய்யலாம். அமெரிக்க மண்ணில் பிடிபட்ட குடிமகனையோ நிரந்தரவாசியையோ, காங்கிரஸ் வெளிப்படையாக அனுமதிக்காமல் ராணுவம் விசாரணையின்றி வைக்கக் கூடாது என்று ஜனநாயகக் கட்சியின் டயான் ஃபைன்ஸ்டைனும் குடியரசுக் கட்சியின் மைக் லீயும் சேர்ந்து, அடுத்த ஆண்டுக்கான பாதுகாப்புத் துறைச் சட்டத்தில் ஒரு திருத்தம் கொண்டுவந்தார்கள். 2012 நவம்பரில் செனட்டில் 67-க்கு 29 என்று நிறைவேறியது. அப்புறம் இரு அவைகளும் கூடி இறுதி வடிவம் எழுதும்போது அதை எடுத்துவிட்டார்கள். காங்கிரஸ் வெளிப்படையாக அனுமதித்தால் என்ன ஆகும் என்ற ஓட்டை அதிலும் உண்டு, ஆனாலும் ஒன்றுமில்லாததற்கு அது எவ்வளவோ மேல். உங்களுக்கு இப்போது இரண்டு செனட்டர்கள் இருக்கிறார்கள். அந்தத் திருத்தம் மறுபடி வந்தால் எப்படி ஓட்டுப் போடுவார்கள் என்று இருவருக்கும் எழுதிக் கேளுங்கள். என்ன பதில் வந்தாலும் எனக்கு அனுப்புங்கள், இங்கேயே வெளியிடுகிறேன்.

அன்புடன்