செவ்வாய்ப்பேட்டை வாசகரின் கோல்ஃப் செட்: வாங்கலாமா?

கேள்வி: வயது 52. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு வியாபாரம். நண்பர்களோடு மாதம் இருமுறை கோவைக்குப் போய் கோல்ஃப் பழகத் தொடங்கியிருக்கிறேன். எழுதுவதும் சாப்பிடுவதும் வலது கை. கல் எறிவது இடது கை. தெரிந்தவர் ஒருவர் 14 மட்டைகள் கொண்ட 'இம்போர்ட்டட்' செட்டை 65,000 ரூபாய்க்குத் தருவதாகச் சொல்கிறார். வலதுகை செட். இடதுகைக்காரரும் கோல்ஃபை வலதுகையில்தான் பழக வேண்டுமாம். ஏற்காட்டில் எங்கள் தோட்டத்தில் அதன் ஏழாம் அயர்னை (உலோகத் தலை மட்டைகளில் ஏழாம் எண்) கொடுத்து அடிக்கச் சொன்னார். கோவையில் இரவல் மட்டையில் அடிப்பதைவிட 10 மீட்டர் கூடுதலாகப் போனது. வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். முன்பணம் கொடுத்திருந்தால் திரும்பக் கேளுங்கள்.

அந்த 10 மீட்டரை முதலில் பிரித்துப் பார்ப்போம். ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம், கோவை சுமார் 400. மேலே காற்று அடர்த்தி குறைவு என்பதால் பந்துக்குத் தடை குறைவு. 120 மீட்டர் போகும் அடி, வேறெதுவும் மாறாமலே 5 மீட்டர் அளவுக்குக் கூடும். தோட்டம் என்றால் சரிவு இருக்கும். விழும் இடம் 3 மீட்டர் தாழ்ந்திருந்தால் ஏறக்குறைய இன்னும் 3 மீட்டர். மிச்சத்தை மட்டைத் தலையின் சாய்வு கொடுத்திருக்கும்: சாய்வு குறைந்தால் பந்து தூரம் போகும், எண் குறைந்த அயர்னுக்குச் சாய்வு குறைவு. 'லாஃப்ட்' என்று சொல்லும் இந்தச் சாய்வு, ஏழாம் அயர்னுக்கு ஒரு கம்பெனியில் 34 டிகிரி, இன்னொன்றில் 29. அதாவது ஆறாம் எண்ணின் தலையில் 7 என்று பொறித்து விற்கிறார்கள். இதைத் தடுக்க விதி கிடையாது. பந்தின் எடை 45.93 கிராமைத் தாண்டக்கூடாது, விட்டம் 42.67 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது என்று தசமத்தில் சட்டம் போட்டவர்களுக்கு, 7 என்றால் எத்தனை டிகிரி என்று சொல்ல மட்டும் நேரம் கிடைக்கவில்லை. ஆகவே மட்டையை எண்ணைப் பார்த்து ஒப்பிடாதீர்கள். டிகிரியைக் கேளுங்கள். விற்பவருக்குத் தெரியவில்லை என்றால் அவர் விற்பது என்ன என்றே அவருக்குத் தெரியவில்லை.

அடுத்தது அந்த 14. ஓர் ஆட்டத்தில் அதிகபட்சம் 14 மட்டை வைத்துக்கொள்ளலாம் என்பதுதான் விதி. அது மேல்வரம்பு, 14 இருந்தே ஆக வேண்டும் என்று எங்கும் இல்லை. புதிதாகப் பழகுகிறவர் பந்தை நடுத்தலையில் அடிப்பது பத்தில் இரண்டு மூன்று முறை. அவர் கையில் ஆறாம் அயர்னும் ஏழாம் அயர்னும் ஒரே தூரம்தான் போகும். உங்களுக்கு ஏழு போதும்: 18 டிகிரி அளவில் ஐந்தாம் வுட் (தூர அடிக்கான பருத்த தலை மட்டை), 25 டிகிரி அளவில் ஹைபிரிட் (வுட்டுக்கும் அயர்னுக்கும் இடைப்பட்டது) ஒன்று, ஏழாம் அயர்ன், ஒன்பதாம் அயர்ன், குறுந்தூரத்துக்குப் பிட்சிங் வெட்ஜ், மணற்குழிக்கு 54 அல்லது 56 டிகிரி சேண்ட் வெட்ஜ், குழிக்குள் உருட்ட ஒரு புட்டர். அயர்ன்களின் முதுகு குழிவாக, ஓரத்தில் எடை பரவியதாக இருக்கட்டும். நடு தவறிப் பட்டாலும் தலை அதிகம் திரும்பாது. முதுகு தட்டையாக, கத்தி மாதிரி மெலிந்திருப்பவை பார்க்க அழகு, உங்களுக்கு வேண்டாம். டிரைவரை, அதாவது நெடுந்தூர முதல் அடிக்கான பெரிய மட்டையை, ஆறு மாதம் தள்ளிப் போடுங்கள். வழக்கமான மட்டைகளில் அதுதான் நீளம், புட்டரை விட்டால் சாய்வும் அதற்குத்தான் குறைவு. சிறு தவறையும் பெரிதாக்கிக் காட்டும். வாங்கும் நாளில் 12 டிகிரி கேளுங்கள். பந்தை உயரத் தூக்கும் 60 டிகிரி லாப் வெட்ஜை யாராவது இலவசமாகக் கொடுத்தால்கூடப் பையில் போடாதீர்கள்.

இனி உங்கள் கை. விற்பவர் சொல்வதில் கொஞ்சம் உண்மை இருப்பதால்தான் ஆபத்து. வலதுகை ஆட்டத்தில் இடது கை மேலே பிடிக்கும், வழிநடத்தும். எனவே இடது கை வலுவானவருக்கு வலதுகை ஆட்டம் பொருந்தும் என்று ஒரு வாதம் உண்டு. பிறவியில் இடதுகைக்காரர் என்று சொல்லப்படும் பென் ஹோகன் வலதுகையில் ஆடி உலகப் புகழ் பெற்றார். மறுபக்கம், ஃபில் மிக்கல்சன் மற்ற எல்லாவற்றிலும் வலதுகைக்காரர். அப்பா ஆடுவதை எதிரே நின்று கண்ணாடிபோலப் பார்த்துப் பழகியதால் இடதுகையில் ஆடுகிறார். இருவரையும் வைத்து எதையும் நிரூபிக்கலாம், எந்த செட்டையும் விற்கலாம்.

நம் ஊரில் இதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. எழுதும் கையும் சாப்பிடும் கையும் நம்மிடம் சாட்சி ஆகாது. 'சோத்துக்கையால எடு' என்று அதட்டி மாற்றிய கைகள் எத்தனையோ. உங்கள் கடிதத்தைப் படித்தால் நீங்களும் அந்த ரகம் என்றே தோன்றுகிறது. எறியும் கை கொஞ்சம் நம்பகமான சாட்சி. ஆனால் அதுவும் ஒற்றைக் கை வேலை. கோல்ஃப் இரண்டு கை வேலை. கிரிக்கெட் மட்டையை எந்தப் பக்கம் பிடித்தீர்கள் என்பதே முக்கியம், அதை நீங்கள் எழுதவில்லை. கங்குலி பந்து வீசியது வலது கையில், பேட் பிடித்தது இடதுகை ஆட்டக்காரராக. கிரிக்கெட்டே ஆடியதில்லை என்றால் மண்வெட்டியை யோசிக்காமல் எடுத்துப் பாருங்கள். எந்தக் கை கீழே போகிறது? அல்லது வளைந்த கைப்பிடிக் குடையைத் தலைகீழாகப் பிடித்துத் தரையில் கிடக்கும் எலுமிச்சம்பழத்தை இந்தப் பக்கம் பத்து, அந்தப் பக்கம் பத்து தடவை தட்டுங்கள். வலது கை கீழே வருவது இயல்பாக இருந்தால் நீங்கள் வலதுகை ஆட்டக்காரர். எறிவது எதுவானாலும் சரி. இடது கை கீழே என்றால் இடதுகை செட், பேச்சே இல்லை. இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினாலும் வலதுகை செட்டே வாங்குங்கள். காரணம் விளையாட்டு அல்ல, கடை. பத்து வலதுகை செட் இருக்கும் அலமாரியில் இடதுகை செட் ஒன்றுகூட இருக்காது. கேட்டால் 'ஆர்டர் போடணும் சார்' என்று ஒரு மாதம் இழுப்பார்கள். அந்தச் சோம்பேறித்தனத்துக்குத்தான் 'எல்லாரும் வலதுகையில் பழகலாம்' என்று தத்துவம் வைத்திருக்கிறார்கள்.

'இம்போர்ட்டட்' என்ற சொல்லுக்குப் பொருள் எதுவும் இல்லை. போலி மட்டையும் வெளிநாட்டிலிருந்துதான் வருகிறது. வெள்ளியில் காந்தம் ஒட்டினால் சரக்கு பொய் என்பது உங்களுக்குத் தெரியும். இங்கே தலைகீழ். அயர்னின் தலையில் காந்தம் ஒட்ட வேண்டும். நல்ல அயர்ன்களில் பெரும்பாலானவை காந்தம் பிடிக்கும் எஃகு. ஒட்டாவிட்டால் அநேகமாகத் துத்தநாகக் கலவை வார்ப்பு. கல்லில் பட்டால் பள்ளம் விழும், கழுத்தில் ஒடியும். டிரைவரிலும் புட்டரிலும் இந்தச் சோதனை வேண்டாம். டைட்டானியம், அலுமினியம், பித்தளை எல்லாம் அங்கே நியாயமாகவே வரும்.

உங்கள் கடைத் தராசு இன்னும் நல்ல சாட்சி. ஐந்தாம் அயர்னிலிருந்து ஒன்பது வரை வரிசையாக நிறுத்துப் பாருங்கள். எண் ஏற ஏற நீளம் அரை அங்குலம் குறையும், எடை சில கிராம் கூடும். ஏறி இறங்கித் தாறுமாறாக இருந்தால் போலி, அல்லது இரண்டு மூன்று செட்டிலிருந்து பொறுக்கிக் கோர்த்தது. சீரியல் நம்பரை மட்டும் நம்பாதீர்கள். தலையைப் போலியாக வார்ப்பவனுக்கு எண் பொறிப்பதா கஷ்டம்? பிங் கம்பெனி அயர்ன் என்று சொன்னால் தலையில் இருக்கும் சிறு நிறப்புள்ளியைப் பாருங்கள். கறுப்பு என்றால் தண்டு தரையோடு சேரும் கோணம் வழக்கமானது. வேறு நிறம் என்றால் வேறொருவர் உடம்புக்கு வளைத்தது.

தண்டின் வளைவுக்கு ஆர் (ரெகுலர், நடுத்தரம்), எஸ் (ஸ்டிஃப், விறைப்பு) என்று எழுத்து போட்டிருப்பார்கள். இதற்கும் பொது அளவு கிடையாது. ஒருவரின் ஆர் இன்னொருவரின் எஸ். ஏழாம் அயர்னில் 120 மீட்டரைத் தாண்டாதவருக்கு எஸ் வேண்டாம். ஆர், அல்லது சீனியர் என்று விற்கும் அதைவிட இளகியது, கிராஃபைட்டாக இருந்தால் முழங்கைக்கும் நல்லது.

பயிற்சி தருகிறவர் 'ஃபிட்டிங்' என்று கட்டணம் கேட்கக்கூடும். அடி நிலைப்படாதவருக்கு அளவெடுப்பது, வளரும் பையனுக்குக் கல்யாணச் சட்டை தைப்பது போல. இப்போதைக்கு இரண்டு அளவு போதும். ஷூ போட்டு நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டு, மணிக்கட்டு ரேகையிலிருந்து தரைவரை அளக்கச் சொல்லுங்கள். 34 முதல் 37 அங்குலத்துக்குள் இருந்தால் வழக்கமான நீளம் சரி. பிறகு மேல் கையால் கிரிப்பை, அதாவது கைப்பிடி உறையை, பிடியுங்கள். நடுவிரலும் மோதிர விரலும் கட்டைவிரல் மேட்டை லேசாகத் தொட வேண்டும். நகம் குத்தினால் கிரிப் மெலிது, தொடவே இல்லை என்றால் தடிமன். கிரிப்பை மாற்றிக்கொள்ளலாம், அதற்காக மட்டையை ஒதுக்க வேண்டாம்.

இடதுகைக்காரர் தடுக்கி விழும் இடம் ஒன்று சொல்லிவிடுகிறேன். மட்டையில் எல்எச் என்றால் இடதுகை ஆட்டக்காரருக்கு. கையுறையில் எல்எச் என்றால் இடது கையில் போடுவது, அதாவது வலதுகை ஆட்டக்காரருக்கு. நீங்கள் இடதுகை என்றால் எல்எச் மட்டையும் ஆர்எச் கையுறையும். பெட்டியைப் பார்த்து வாங்கிவிட்டு வீட்டில் வந்து முழிக்காதீர்கள்.

பந்துக்கு அதிகம் செலவழிக்காதீர்கள்; எப்படியும் தொலையும். இரண்டடுக்குப் பந்து போதும். குளத்திலிருந்து எடுத்துக் கழுவியது பரவாயில்லை, மேலே பெயிண்ட் அடித்துப் புதிதாக்கியது வேண்டாம். ஷூவில் இரும்பு முள் கூடாது, பல கிளப்புகளில் உள்ளேயே விடமாட்டார்கள்.

வாங்கிய பிறகு கார் டிக்கியில் விட்டுவைக்காதீர்கள். சேலத்துச் சித்திரை வெயிலில் தலையைத் தண்டோடு ஒட்டிய பசை இளகும், ரப்பர் கிரிப் இறுகிப் பளபளக்கும். ஏற்காட்டுப் பனியில் நனைந்த பையை மூடியே வைத்தால் எஃகுத் தண்டு துருப்பிடிக்கும். உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு வையுங்கள். தோட்டத்தில் அடிப்பதாக இருந்தால் வலை கட்டி அதற்குள் அடியுங்கள், கீழே சாலை போகிறது.

அடுத்த முறை கோவை போகும்போது, இடதுகை ஏழாம் அயர்ன் ஒன்றை இரவல் கேளுங்கள். மட்டைப் பை தூக்கும் கேடிகளிடம் விசாரித்தால் யாரிடம் இருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள். இந்தப் பக்கம் ஐம்பது பந்து, அந்தப் பக்கம் ஐம்பது பந்து அடித்துவிட்டு, எந்தப் பக்கம் பந்து காற்றில் எழும்பியது என்று எண்ணிவைத்து எழுதுங்கள். எவ்வளவு தூரம் போனது என்பது வேண்டாம்.