உங்கள் மகள் கேட்பது வேறு படிப்பு

அம்மா, உங்கள் பயம் புரிகிறது. மகள் உளவியல் படித்து, குடும்பம், பாலினம், பாலியல் பற்றி ஆய்வு செய்யும் பேராசிரியராக வேண்டும் என்கிறாள். மருத்துவம் படித்துவிட்டு அப்புறம் மனநல மருத்துவராகட்டும் என்கிறார் பெரியப்பா. வெளியே சொல்லவே கூச்சமான பாடம் என்கிறார் அத்தை. யார் பேச்சைக் கேட்பது என்று எழுதியிருக்கிறீர்கள். மகள் பேச்சைத்தான்.

மனநல மருத்துவர் நோயோடு வருபவருக்குச் சிகிச்சை தருகிறார். உங்கள் மகள் எழுதி அனுப்பிய கேள்விகள் எதிலும் நோயாளியே இல்லை. பெற்றோர் பிரிந்த பிறகும் சில பிள்ளைகள் நன்றாக வளர்வது எதனால்? தனக்குத் தன்பாலீர்ப்பு, அதாவது ஆண்கள் மீதே ஈர்ப்பு, என்று மகன் சொன்னதும் தந்தை பேச்சை நிறுத்திவிட்டால் அந்த மகன் என்ன ஆவான்? இவற்றுக்கு விடை தேடுவது ஆய்வு உளவியலாளரின் வேலை. அதற்காக மருத்துவத்தில் பல வருடங்களைச் செலவழிப்பது சுற்றுவழி. அந்தப் படிப்பில் அவளுக்கு நாட்டமும் இல்லை. பெரியப்பாவிடம் இதை நீங்களே சொல்லுங்கள், அவளை முன்னால் நிறுத்தாதீர்கள்.

கூச்சம் என்கிறாரே அத்தை, அதற்கு ஈவ்லின் ஹூக்கரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அமெரிக்க உளவியலாளர். தன்பாலீர்ப்பை மனநோய் என்றே மருத்துவ உலகம் நம்பிய காலத்தில், அவரிடம் படித்த தன்பாலீர்ப்புள்ள ஒரு மாணவர், எங்களைப் போன்றவர்களை நீங்கள் ஆராய வேண்டும் என்று கேட்டார். அதுவரை ஆய்வாளர்கள் பெரும்பாலும் சிகிச்சைக்கு வந்தவர்களையும் சிறையில் இருந்தவர்களையும்தான் பார்த்திருந்தார்கள். ஹூக்கர் சாதாரணமாக வாழ்ந்துகொண்டிருந்த தன்பாலீர்ப்பு ஆண்கள் 30 பேரையும், எதிர்பாலீர்ப்பு ஆண்கள் 30 பேரையும் எடுத்துக்கொண்டார். உளவியல் சோதனை முடிவுகளை, யாருடையது என்று சொல்லாமல் நிபுணர்களிடம் கொடுத்தார். அவர்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. 1957இல் அது வெளியானது. 1973இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கியதற்கு அடித்தளமிட்ட ஆய்வுகளில் இதுவும் ஒன்று. எத்தனை குடும்பங்களின் துயரத்தைக் குறைத்த வேலை இது! இதில் கூச்சப்பட என்ன இருக்கிறது?

பிரிட்டனில் உளவியலாளர் சூசன் கோலம்பாக், தன்பாலீர்ப்புள்ள தாய்மார் வளர்த்த பிள்ளைகளையும் தனித்து வாழும் மற்றத் தாய்மாரின் பிள்ளைகளையும் ஒப்பிட்டு 1983இல் எழுதினார். பிள்ளைகளின் மனநலத்தில் குறை எதுவும் தெரியவில்லை. பிள்ளை யாரிடம் வளர வேண்டும் என்ற நீதிமன்ற வழக்குகளுக்கு நேரடியாகத் தேவைப்பட்ட விடை அது. ஆண், பெண் மனங்கள் இரு துருவம் என்ற நம்பிக்கையை அமெரிக்க உளவியலாளர் ஜேனட் ஹைட் 2005இல் 46 தொகுப்பாய்வுகளை, அதாவது பல ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றுசேர்த்துப் பார்க்கும் ஆய்வுகளைத் திரட்டிச் சோதித்தார். பெரும்பாலான வேறுபாடுகள் மிகச் சிறியவை, அல்லது இல்லவே இல்லை.

இனி அன்றாட வேலை. வகுப்பில் இந்தப் பாடத்தை நடத்துவது எளிதல்ல. பாடத்தில் பேசும் பிரச்சினையே கேட்கும் மாணவர்களில் ஒருவர் வீட்டில் நடந்துகொண்டிருக்கலாம். யாரையும் சொந்தக் கதை சொல்ல வற்புறுத்தாமல், அபிப்பிராயத்தையும் ஆதாரத்தையும் பிரித்துக் காட்டத் தெரிய வேண்டும். ஆய்வில், முதலில் நெறிமுறைக் குழுவின் அனுமதி. பங்கேற்பவரின் சம்மதம், பெயர் வெளியே போகாத பாதுகாப்பு, எப்போது வேண்டுமானாலும் விலகும் உரிமை, எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். கணவனையும் மனைவியையும் தனித்தனியாகக் கேட்டால் ஒரே வீட்டைப் பற்றி இரண்டு கதைகள் வரும். ஒருவர் சொன்னதை மற்றவரிடம் கசியவிடக் கூடாது. பேட்டியை எழுத்தாக்கி, வகைப்படுத்தி, இன்னொருவரும் அதே மாதிரி வகைப்படுத்துகிறாரா என்று சரிபார்க்க வேண்டும். அப்புறம் புள்ளியியல், நிறையப் புள்ளியியல். கணக்கு வேண்டாம் என்பதற்காக உளவியலுக்கு வருபவர்கள் இங்கேதான் தடுமாறுவார்கள். மகளுக்குக் கணக்கு பிடிக்கும் என்கிறீர்கள், நல்லது.

செலவு விஷயத்தில் நான் கறாராகச் சொல்வேன். இளங்கலை, முதுகலை, முனைவர் பட்டம் என்று சுமார் பத்து வருடம் ஆகும். நிரந்தரப் பேராசிரியர் இடங்கள் குறைவு, போட்டி கடுமை. ஆகவே உதவித்தொகை இல்லாத முனைவர் பட்டத்துக்குக் கடன் வாங்கவே வேண்டாம், எவ்வளவு பெயர்பெற்ற பல்கலைக்கழகமாக இருந்தாலும் சரி. பெயருக்காக விலை உயர்ந்த இளங்கலையும் வேண்டாம். புள்ளியியலும் ஆய்வு முறையும் ஒழுங்காக நடக்கும் துறை போதும். பேராசிரியர் வேலை அமையாவிட்டாலும், மக்களைப் பற்றிக் கணக்கெடுப்பும் பேட்டியும் நடத்தும் ஆய்வு நிறுவனங்களுக்கும் பொதுச் சுகாதார அமைப்புகளுக்கும் அந்தத் திறமை தேவை.

இளங்கலை இரண்டாம் வருடத்திலேயே ஒரு பேராசிரியரின் ஆய்வில் உதவியாளராகச் சேரச் சொல்லுங்கள். மணிக்கணக்காகப் பேட்டி ஒலிப்பதிவைக் கேட்டு எழுதும்போது அவளுக்கு அலுக்கிறதா, ஆர்வம் கூடுகிறதா என்று அங்கே தெரிந்துவிடும். அலுத்தால் பாதை மாற அவளுக்கு உரிமை உண்டு. முதுகலைக்குப் பிறகு, முனைவர் பட்ட ஆய்வுக்கு வழிகாட்டப்போகும் நெறியாளரிடம் அவள் மூன்று விஷயம் கேட்க வேண்டும்: உதவித்தொகை எத்தனை வருடம் வரும், அவரிடம் பட்டம் முடித்தவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள், பாதியில் விட்டுப் போனவர்கள் எத்தனை பேர். மூன்றாவதற்கு விடை மழுப்பலாக வந்தால் வேறு நெறியாளரைத் தேடட்டும்.