கூபே கேட்டால் கிடைக்குமா? ரயில் பயணம்: கேள்வி-பதில்

கேள்வி: நானும் மனைவியும் பெங்களூரு வரை போய், அங்கிருந்து ராஜதானியில் டில்லி போகிறோம். இரண்டு பேர் மட்டும் இருக்கும் கூபே வேண்டும் என்றுதான் ஏ.சி. முதல் வகுப்பில் டிக்கெட் போட்டேன். டிக்கெட்டில் ‘கன்ஃபர்ம்’ என்று மட்டும் இருக்கிறது, பெர்த் எண்ணே இல்லை. பணம் போனதா? (பாலக்கோடு வாசகர்)

பதில்: பணம் எங்கும் போகவில்லை. ஆனால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: கூபே என்று தனியாக ஒரு டிக்கெட்டை ரயில்வே விற்பதே இல்லை. நீங்கள் வாங்கியிருப்பது முதல் வகுப்பில் இரண்டு பெர்த். அந்தப் பெட்டியில் நான்கு பேர் படுக்கும் கேபினும் உண்டு, இரண்டு பேர் படுக்கும் கூபேயும் உண்டு. இரண்டுக்கும் ஒரே கட்டணம். யாருக்கு எது என்பது, ரயில் கிளம்பும் முன் பயணிகள் பட்டியலான சார்ட் போடும்போதுதான் முடிவாகும். அதனால்தான் இந்த வகுப்பில் மட்டும் டிக்கெட்டில் எண் வருவதில்லை. சார்ட் வந்ததும் டிக்கெட்டில் உள்ள பி.என்.ஆர். எண்ணைப் போட்டுப் பாருங்கள், பெர்த் எண் வந்திருக்கும். முன்பு சார்ட் நான்கு மணி நேரம் முன்னால்தான் வரும். 2025 ஜூலையிலிருந்து அந்த நேரத்தை முன்னே கொண்டுவந்துவிட்டார்கள், அதனால் வீட்டை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே பெரும்பாலும் தெரிந்துவிடும்.

கூபே கிடைக்க உங்கள் கையில் இருப்பது சில வேலைகள். முதலாவது, இருவரும் ஒரே பி.என்.ஆரில் இருக்க வேண்டும். ஆளுக்கொரு டிக்கெட்டாகப் போட்டுவிட்டுச் சேர்த்து உட்கார வையுங்கள் என்று கேட்பவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். மூன்று பேர் டிக்கெட்டும் கூபேக்கு ஒத்துவராது. இரண்டாவது, ரயில் முன்பதிவுத் தளமான ஐ.ஆர்.சி.டி.சி.யில் முதல் வகுப்புக்கு மட்டும் பெர்த் விருப்பப் பட்டியலில் ‘கேபின்’, ‘கூபே’ என்று வரும். இரண்டு பெயருக்கும் கூபேயைத் தேர்ந்தெடுங்கள். அது விருப்பம்தான், உறுதி அல்ல. மூன்றாவது, பயணத்துக்கு ஓரிரு நாள் முன்பு டிக்கெட் நகலோடு ஒரு கோரிக்கைக் கடிதம். இதை ரயில் கிளம்பும் ஊரின் கோட்ட வணிக அலுவலகத்துக்குக் கொடுக்க வேண்டும். தருமபுரி ஸ்டேஷன் கவுன்ட்டரில் கேட்டுப் பயனில்லை, பெர்த் ஒதுக்குவது அவர்கள் கையில் இல்லை. உங்களுக்குப் பெங்களூரு கோட்டம். தருமபுரி, ஓசூர் ஸ்டேஷன்களும் தென்மேற்கு ரயில்வேயின் அதே கோட்டம்தான். மொரப்பூர் வழியாக, சென்னை–சேலம் தடத்தில் போகிறவர்களுக்கு அது தெற்கு ரயில்வே, அலுவலகமே வேறு.

இவ்வளவு செய்தும் கிடைக்காமல் போகலாம். அவசர ஒதுக்கீட்டில் வருகிறவர்களுக்கும் முக்கியப் பிரமுகர்களுக்கும் அதே கூபேக்கள்தான். கேபின் விழுந்தால் ரயிலில் டிக்கெட் பரிசோதிக்கும் டி.டி.இ.யைப் பாருங்கள். கூபேயில் ஒருவரையொருவர் அறியாத இரண்டு பேர் இருந்தால், அவர்களில் பலர் கேபினுக்கு மாறத் தயங்குவதில்லை. ஆள் அமர்ந்து, படுக்கை விரிப்பதற்கு முன் கேளுங்கள். விரித்த பிறகு யாரும் எழ மாட்டார்கள்.

இன்னும் ஒன்று. இந்த வகுப்பில் கடைசி நேர முன்பதிவான தத்கால் கிடையாது, ஒரு பெர்த்தை இருவர் பகிர்ந்து உட்காரும் ஆர்.ஏ.சி.யும் கிடையாது. வெயிட்டிங் லிஸ்ட் என்றால் வெயிட்டிங் லிஸ்ட்தான். முன்பதிவு 60 நாள் முன்பு காலை 8 மணிக்குத் திறக்கிறது, அன்றே போட்டுவிடுவது நல்லது.

கேள்வி: கூபே கிடைக்குமா கிடைக்காதா என்ற தவிப்பே வேண்டாம். இரண்டு பேர் சேர்ந்து இருக்க உறுதியான வழி உண்டா? (அரூர் வாசகி)

பதில்: உண்டு, செலவும் குறைவு. ஏ.சி. இரண்டடுக்குப் பெட்டியில் பக்கவாட்டில் கீழும் மேலுமாக இருக்கும் இரண்டு பெர்த்தை எடுங்கள். எண் 5, 6. பிறகு 11, 12. 17, 18 என்று ஆறு ஆறாகப் போகும். இந்த எண்கள் டிக்கெட் போடும்போதே கையில் வந்துவிடும். ஒருவர் பெயருக்குச் சைடு லோயர், இன்னொருவர் பெயருக்குச் சைடு அப்பர் என்று விருப்பம் கொடுங்கள். பகலில் கீழ் பெர்த்தை மடித்தால் எதிரெதிரே இரண்டு இருக்கை, ஜன்னல் உங்களுடையது, மூன்றாவது ஆள் வர இடமே இல்லை. குறை என்றால், நீளம் கொஞ்சம் குறைவு, நடைபாதை ஒட்டியே ஆட்கள் போய்வருவார்கள், திரைதான் மறைப்பு. உயரமானவர்களுக்கும், முழங்கால் வலி உள்ள பெரியவர்களுக்கும் நான் இதைச் சொல்ல மாட்டேன்.

கோவை–பெங்களூரு வந்தே பாரத் தருமபுரியிலும் ஓசூரிலும் நிற்கிறதே என்று சிலர் கேட்கிறார்கள். அதில் உட்காரும் இருக்கை மட்டும்தான், தனியறை கிடையாது.

கேள்வி: தோழியோடு சேர்ந்து முதல் வகுப்பில் டிக்கெட் போட்டேன், பணம் என் கணக்கிலிருந்து போனது. இப்போது அவளால் வர முடியாது. கூபேயில் நான் மட்டும் தனியாகப் போகலாமா? அவளுக்குப் பதில் என் தங்கை வரலாமா? (ஊத்தங்கரை வாசகி)

பதில்: தோழி பெயரை மட்டும் ரத்து செய்யலாம், உங்கள் டிக்கெட் அப்படியே இருக்கும். ஆனால் காலியான பெர்த் வெயிட்டிங் லிஸ்டில் இருப்பவருக்குப் போய்விடும். ரத்து செய்யாமலே விட்டாலும் டி.டி.இ. அதை வேறு ஒருவருக்குக் கொடுப்பார், தோழியின் பணமும் போகும். அதனால் சார்ட் வருவதற்கு முன்பே ரத்து செய்துவிடுங்கள். பிடித்தம் போக மீதி, எந்தக் கணக்கிலிருந்து கட்டினீர்களோ அந்தக் கணக்குக்கே வரும். பாதிப் பணம் அவள் தந்திருந்தால் நீங்கள்தான் திருப்பிக் கொடுக்க வேண்டும், வாட்ஸ்அப்பில் கணக்கைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள்.

தங்கை விஷயத்தில் பலர் குழம்புகிறார்கள். பெயர் மாற்றுவது யார் பெயரில் டிக்கெட் இருக்கிறதோ அவருடைய குடும்பத்துக்குள் மட்டும்தான்: பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள், கணவன் அல்லது மனைவி. தோழியின் பெர்த் தோழியின் தங்கைக்குப் போகலாம், உங்கள் தங்கைக்குப் போகாது. அதுவும் ரயில் கிளம்ப 24 மணி நேரம் முன்பு, உறவைக் காட்டும் சான்றோடு ரிசர்வேஷன் கவுன்ட்டரில் எழுதிக் கொடுக்க வேண்டும்.

தனியாகப் போவதானால், ஏறியதும் பக்கத்துப் பெர்த்துக்கு யார் என்று டி.டி.இ.யிடம் கேளுங்கள். அறியாத ஆண் என்றால், பெண்கள் இருக்கும் கேபினுக்கு மாற்றித் தரக் கேட்பதில் எந்தக் கூச்சமும் வேண்டாம். அவர் கவனிக்காவிட்டால் ரயில்வே உதவி எண் 139-ஐ அழையுங்கள்.

கேள்வி: கூபேக்குப் பூட்டு உண்டா? நண்பரோடு முதல் முறையாகப் போகிறேன், வேறு என்ன கவனிக்க வேண்டும்? (கிருஷ்ணகிரி வாசகர்)

பதில்: பக்கவாட்டில் தள்ளுகிற கதவு. உள்ளே தாழ்ப்பாள் உண்டு, வெளியிலிருந்து பூட்ட வழி இல்லை. இருவரும் சேர்ந்து பிளாட்பாரத்தில் டீ குடிக்க இறங்கினால் அறை திறந்த வீடுதான். பயணி தன் வசம் வைத்திருக்கும் பொருள் திருட்டுப் போனால் அது ரயில்வேயின் சேவைக் குறைபாடு ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2023-இல் சொல்லியிருக்கிறது. அதனால் நுகர்வோர் ஆணையத்தை நம்பி இருக்காதீர்கள். கீழ் பெர்த்தின் அடியில் உள்ள வளையத்தில் சங்கிலி போட்டுப் பெட்டியைப் பூட்டுங்கள். சாவிப் பூட்டு வேண்டாம், எண் பூட்டு வாங்குங்கள். சாவியோடு ஒருவர் இறங்கிவிட்டால் மற்றவர் தவிப்பார்.

ரயில் வேகம் பிடித்ததும் கதவு சட்டத்தில் மோதி ‘டக் டக்’ என்று அடிக்கும். செய்தித்தாளை நாலாக மடித்துக் கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவே செருகித் தாழ்ப்பாள் போடுங்கள், நின்றுவிடும். ஏ.சி. காற்று மேல் பெர்த்தில்தான் அதிகம் படும், குளிர் தாங்காதவர் கீழே படுக்கட்டும். நடு இரவில் ஒருவர் கழிவறைக்குப் போனால் மற்றவர் எழுந்து தாழ்ப்பாள் போடுவதா, சும்மா சாத்தி வைப்பதா என்பதைப் படுக்கும் முன்பே பேசிவிடுங்கள். நண்பர் குறட்டை விடுபவர் என்றால் காதுக்குப் பஞ்சு எடுத்துக்கொள்ளுங்கள், அந்தச் சின்ன அறையில் தப்பிக்க இடமில்லை.

கேள்வி: மாம்பழப் பெட்டி கொண்டுபோகலாமா? (போச்சம்பள்ளி வாசகர்)

பதில்: சொந்தத்துக்கு என்றால் தாராளமாக. முதல் வகுப்பில் ஆளுக்கு 70 கிலோ இலவசம். பெட்டி 100 x 60 x 25 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். விற்பனைக்கு என்றால் பார்சலில்தான் போட வேண்டும். கனிந்த பழத்தை எடுக்காதீர்கள். மூடிய அறையில் இரவு முழுக்க அந்த வாசனை, கூட வருபவருக்குத் தலைவலி. செங்காயாக எடுத்து, வைக்கோலோ செய்தித்தாளோ போட்டு, துளை உள்ள அட்டைப் பெட்டியில் வையுங்கள்.

கேள்வி: நாயை எங்களோடு கூபேயில் அழைத்துப் போக முடியுமா? (ஓசூர் வாசகி)

பதில்: அறை முழுக்க உங்கள் டிக்கெட்டில் இருந்தால் மட்டும். எனவே சார்ட் வந்து கூபே என்று தெரிந்த பிறகுதான் அது உறுதி. டிக்கெட், தடுப்பூசி அட்டை, ஓரிரு நாளுக்குள் வாங்கிய கால்நடை மருத்துவர் சான்று ஆகியவற்றோடு ரயில் நேரத்துக்கு இரண்டு மூன்று மணி முன்பே பார்சல் அலுவலகத்துக்குப் போய் எடைக்குப் பணம் கட்ட வேண்டும். கேபின் விழுந்தால் என்ன செய்வது என்பதை முன்கூட்டியே யோசியுங்கள், நாயைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஒருவரைச் சொல்லி வைத்துவிட்டே கிளம்புங்கள்.

கேள்வி: முதல் வகுப்பில் ஏ.சி. பாதி வழியில் நின்றுவிட்டது. பணம் கிடைக்குமா? (தருமபுரி வாசகர்)

பதில்: ஏ.சி. வேலை செய்யாத தூரத்துக்கு, ஏ.சி. முதல் வகுப்புக்கும் சாதாரண முதல் வகுப்புக்கும் உள்ள கட்டண வித்தியாசம் கிடைக்கும். ஏ.சி. வேலை செய்யவில்லை என்ற சான்றை ரயிலிலேயே டி.டி.இ.யிடம் எழுதி வாங்குங்கள். இறங்கிய பிறகு அதை யாரும் தர மாட்டார்கள். இணைய டிக்கெட் என்றால், ரயில் போய்ச் சேர்ந்த 20 மணி நேரத்துக்குள், பணத்தைத் திரும்பக் கேட்கும் மனுவான டி.டி.ஆர். பதிய வேண்டும். கொதிக்கிற அறையில் கோபத்தோடு இருக்கும்போது இது நினைவுக்கு வராது. ஏ.சி. நின்றதுமே 139-இல் புகார் பதிந்து அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு, அடுத்த வேலையாக டி.டி.இ.யைத் தேடுங்கள்.