தாத்தாவின் பெட்டியில் பழைய ரிவால்வர்: எந்தக் காலத்தது, என்ன விலை பெறும்?

தக்கலையிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: ரப்பர் எஸ்டேட்டில் வேலை பார்த்த தாத்தாவின் டிரங்குப் பெட்டியில், ஹேமரை (தோட்டாவை அடிக்கும் சுத்தியலை) பின்னால் இழுக்காமல் ட்ரிகரை அழுத்தினாலே சுடும் டபுள் ஆக்‌ஷன் ரிவால்வர் ஒன்று. வெப்லி என்ற இங்கிலாந்துத் துப்பாக்கி நிறுவனத்தின் பெயர் பொறித்திருக்கிறது. என்ன மாடல், என்ன விலை?

ராணுவத்தில் ஆர்மரராக, அதாவது ஆயுதங்களைப் பராமரிப்பவனாக, இருந்தவன் நான். இனி அந்த ட்ரிகரைத் தொட்டுப் பார்க்காதீர்கள். உள்ளே தோட்டா இருப்பதாகவே நினைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வகை புதிதல்ல. 1851லேயே லண்டனில் ராபர்ட் ஆடம்ஸ் இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். அவருடைய ஹேமரில் விரல் வைத்து இழுக்க மேடே கிடையாது. வெப்லியில் ஹேமரை இழுத்தும் சுடலாம், இழுக்காமலும் சுடலாம். சிலிண்டருக்கு (தோட்டா போடும் உருளைக்கு) மேலே உள்ள பட்டையில் மார்க் 6 என்று இருந்தால் 1915லோ அதற்குப் பிறகோ செய்தது, முதல் உலகப்போரின்போது அறிமுகமான மாடல்.

பெயரை மட்டும் நம்பாதீர்கள். வெப்லி 1872ல் விட்ட 'பிரிட்டிஷ் புல்டாக்' என்ற குட்டை பேரல் ரிவால்வரை பெல்ஜியத்தின் லீஜ் நகரப் பட்டறைகள் காப்பியடித்துத் தள்ளின. லென்ஸ் வைத்து சிலிண்டரைப் பாருங்கள். நீள்வட்டத்துக்குள் ஈ.எல்.ஜி. எழுத்தும் நட்சத்திரமும் இருந்தால் அது லீஜ் சோதனை முத்திரை. மேலே கிரீடமும் இருந்தால் 1893க்குப் பிறகு சோதித்தது. அம்புக்குறி இருந்தால் அரசுப் படைக்குப் போனது. ஃபிரேம், பேரல், சிலிண்டர் மூன்றிலும் ஒரே நம்பர் இருக்கிறதா? மாறியிருந்தால் விலை பாதியாகக்கூட இறங்கும்.

தயவுசெய்து உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். நம் கடற்காற்றில் துரு பிடித்ததும் பளபளப்பாக்கத்தான் கை போகும். அந்த நீலக் கருமையும் முத்திரைகளின் கூர்மையும்தான் விலையே. தேய்த்த துப்பாக்கியைச் சேகரிப்பாளர்கள் திரும்பியும் பார்க்க மாட்டார்கள். லேசாக மெஷின் எண்ணெய் தொட்ட துணி போதும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், பிசினாகிவிடும். திருவிதாங்கூர் காலத்து லைசன்ஸ் காகிதம், தோல் உறை இருந்தால் பத்திரப்படுத்துங்கள். அவை விலையைக் கூட்டும்.

இணையத்தில் காட்டும் லண்டன், அமெரிக்க ஏல விலையை இங்கே எதிர்பார்க்காதீர்கள். நூறு வருடம் தாண்டிய பழம்பொருளைத் தனியார் நாட்டைவிட்டு அனுப்ப 1972ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. உள்ளூரிலோ லைசன்ஸ் உள்ளவரிடம் மட்டுமே விற்க முடியும். "பழசுதானே, லைசன்ஸ் எதற்கு" என்று பலர் நினைக்கிறார்கள். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 45ஆம் பிரிவு விலக்குத் தருவது, பழுது பார்த்தாலும் சுடவே முடியாத பழைய ஆயுதத்துக்குத்தான். உங்களுடையது அப்படித் தெரியவில்லை.

தாத்தாவின் லைசன்ஸ் அவரோடு முடிந்தது. ஒரு வக்கீலைக் கலந்துகொண்டு, போலீஸ் ஸ்டேஷனிலோ லைசன்ஸ் பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். பிறகு நாகர்கோவில் கலெக்டர் ஆபீசில் வாரிசாக விண்ணப்பிக்க முடியுமா என்று கேளுங்கள். மதிப்பீட்டையும் அந்தக் கடையிலேயே, ரசீதில் நம்பர் ஏறிய பிறகு கேளுங்கள்.